நாலு விடையையும் காட்டுங்கோ

உங்கள் பன்னிரண்டு மாதம் இந்தக் கிழமையோடு முடிகிறதாம். பயிற்சியை முடிக்கிற பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை எழுதித் தாருங்கள் என்று உங்கள் கந்தோரிலிருந்து தொலைபேசியில் கேட்டார்கள். நல்ல வார்த்தையாக எழுதுங்கள் என்று யாரும் சொல்லவில்லை. அது அவர்கள் விட்ட பிழை.

கூடவே நீங்கள் கணினியில் செய்த இறுதிப் பாட அலகுகளையும் அனுப்பியிருந்தார்கள். ஒன்பது பேர், ஒன்பது அலகு. எல்லாவற்றையும் இருந்து பார்த்தேன். ஓய்வுபெற்றவளுக்கு வேறென்ன வேலை? ஒன்பதிலும் முதல் திரையில் சேலை கட்டிய கார்ட்டூன் பெண் ஒருத்தி கையை ஆட்டுகிறாள். ஒன்பதிலும் ‘இந்த அலகின் முடிவில் நீங்கள் பின்வருவனவற்றைச் செய்யக்கூடியவராக இருப்பீர்கள்’ என்று கற்றல் பேறுகளின் பட்டியல் ஒன்று வருகிறது. அந்தப் பட்டியலைப் படித்து எவராவது எதையாவது செய்யக்கூடியவராக ஆகியிருந்தால் எனக்கு அறிவியுங்கள், நேரில் வந்து பார்க்கிறேன். சரியான விடையைத் தொட்டால் கைதட்டல் கேட்கிறது. ஒருவர் கைதட்டல் போதாதென்று வாணமும் விட்டிருக்கிறார். பாடமா, தேர்த் திருவிழாவா?

கோபிக்காதீர்கள். கோபித்தாலும் எனக்கொன்றுமில்லை. நான் பயிலுநராக இருந்து ஆடிய கூத்தோடு பார்த்தால் உங்களுடையது பாலர் வகுப்புக் கலைவிழா. அந்தக் கூத்தைத்தான் எழுதப்போகிறேன்.

இந்தத் தொழிலுக்கு நான் வந்தது நாற்பது வயதில். அதற்கு முன் பதினாலு வருடம் கரவெட்டியில் ஒரு தகரக் கொட்டகைக்குள் ரியூசன் கொடுத்தேன். விஞ்ஞானம். ‘இந்தக் கேள்வி இந்தமுறை கட்டாயம் வரும்’ என்று நான் சொன்னால் அது வரும். அதில் எனக்குப் பெயர் இருந்தது. என் பிள்ளைகள் வரிசையாகப் பாஸ் பண்ணினார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு விஞ்ஞானம் தெரியும் என்று எவரும் என்னிடம் கேட்டதில்லை. நானும் என்னிடம் கேட்டதில்லை. அப்படிக் கேட்கிற ரீச்சரிடம் யாழ்ப்பாணத்தில் யார் பிள்ளையை அனுப்புவார்கள்?

அந்த நேரம்தான் பட்டணத்தில் கணினியில் பாடம் செய்கிற இதே உங்கள் நிறுவனம் பட்டதாரிப் பயிலுநர்களை எடுத்தது. பாட வடிவமைப்பு என்று பெயர். வயதெல்லையின் விளிம்பில் நின்று விண்ணப்பித்தேன், எடுத்துவிட்டார்கள். ஐந்து பேர். மற்ற நாலு பேரும் பட்டமளிப்புப் படத்தில் மை காயாதவர்கள். அதில் ஒருவன் என்னிடமே ரியூசன் படித்தவன்.

நிபந்தனை இதுதான். பன்னிரண்டு மாதத்தின் கடைசியில் ஆளுக்கோர் அலகு செய்யவேண்டும். அதை உண்மையான ஆட்கள் படித்து, பரீட்சை எழுதி, பெறுபேறு வரவேண்டும். பெறுபேறு நன்றாக இருந்தால் பயிற்சி முடித்த கடிதம். கடிதம் இருந்தால் நிரந்தர நியமனம். மற்றவர்களுக்கு இந்தமுறை தவறினாலும் அடுத்தமுறை இருந்தது. எனக்கு அந்த வருடத்தோடு வயதெல்லை முடிந்துவிடும். கடிதம் குறித்த நாளில் கிடைக்கவில்லையென்றால் நிரந்தரம் என்ற கதையே இல்லை.

நிரந்தரம் என்ற சொல் உங்களுக்கு எப்படிப் படுகிறதோ தெரியாது. ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் என் அக்காவின் மனுசன் பொங்கலை வாயில் வைத்துக்கொண்டே, “என்ன, இன்னும் ரியூசன்தானோ?” என்று கேட்டுச் சிரிப்பார். பதினாலு பொங்கல் அந்தச் சிரிப்பைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கடிதம் எனக்கு வேண்டும். வெறிபிடித்தது போல வேண்டும்.

என் மேற்பார்வையாளர் தெல்லிப்பழைப் பெண். என்னிலும் பதின்மூன்று வயது இளையவள். ஸ்கூட்டியில் வருவாள், தலைக்கவசத்தைக் கழற்றமுன்னே பாதி வேலையைச் சொல்லிவிடுவாள். எனக்கு மேலே இருந்தும் என்னை ‘ரீச்சர்’ என்றுதான் கூப்பிட்டாள். அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. யாராவது எங்கள் பாடத்தைப் படித்துக்கொண்டிருந்தால் அவள் திரையைப் பார்க்கமாட்டாள், படிக்கிறவரின் கைகளைப் பார்த்துக்கொண்டிருப்பாள். எனக்கு அது பெரிய நடிப்பாகத் தெரிந்தது. “உவ என்ன, கைரேகை பாக்கிறாவோ?” என்று மற்றப் பிள்ளைகளிடம் பகிடி பண்ணியிருக்கிறேன்.

எனக்கு வந்த அலகு வடமராட்சிக் கரையில் ஒரு கடற்றொழிலாளர் சங்கத்துக்கு. ஊர்ப் பெயர் வேண்டாம். ஏதோ ஒரு செயற்றிட்டத்தில் வள்ளத்துக்கு ஒன்றாகக் கையில் பிடிக்கிற வயர்லெஸ் கருவிகள் வந்திருந்தன. வோக்கி என்று சொல்வார்களே, அதுதான். கடலில் இஞ்சின் நின்றால், வள்ளத்துக்குள் தண்ணீர் வந்தால், கரையிலிருக்கும் சங்கத்தைக் கூப்பிடுவதற்கு. கருவிகள் சங்க மண்டபத்து அலுமாரிக்குள் பூட்டியிருந்தன. பாடம் படித்துப் பரீட்சையில் பாஸ் பண்ணியவருக்குத்தான் கருவி. வாடைக்காற்று தொடங்கினால் வடக்குக் கடலின் குணம் மாறிவிடும், அதற்குமுன் கொடுத்து முடிக்கவேண்டும் என்றார்கள்.

இப்போது ஒன்றை ஒளிக்காமல் எழுதவேண்டும். எங்கள் வீட்டிலிருந்து கடல் சைக்கிளில் போகிற தூரம்தான். நாற்பது வயதுவரை ஒரு வள்ளத்தில் நான் கால் வைத்ததில்லை. எங்களது தோட்டம் செய்கிற குடும்பம். கடற்கரைச் சனத்தைப் பற்றி எங்கள் வீட்டில் கதைக்கிறபோது குரல் ஒரு மாதிரி மாறும். அந்தக் குரல் என்னிடமும் இருந்தது, படித்ததால் அதற்குக் கொஞ்சம் இரக்கம் பூசியிருந்தேன், அவ்வளவுதான். ‘பாவம், அதுகளுக்கு உது விளங்காது, எப்பன் லேசாய்ச் செய்வம்’ என்று நினைத்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்கினேன்.

கரைக்குப் போகவில்லை. எதற்குப் போகவேண்டும்? கருவியோடு வந்த கைநூல் இருந்தது. ‘கையடக்கக் கடல்சார் வானொலித் தொடர்பாடற் கருவியைப் பயனுறுதியுடன் கையாளுதல்’ என்று தலைப்பு வைத்தேன். ஒரு கார்ட்டூன் மீனவர், நல்ல வெள்ளைச் சேர்ட், மடிப்புக் குலையாத சாரம். அவருக்குக் குரல் கொடுத்த பையன் வானொலியில் செய்தி வாசிக்கிறவன் போல வாசித்தான். கற்றல் பேறுகள் ஏழு. கடைசியில் இருபது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் நாலு விடை. கந்தோரில் எல்லோரும் பார்த்துவிட்டு, “ரீச்சர், சோக்காயிருக்கு!” என்றார்கள். எனக்கோ சந்தோசப் புழுகம் தாங்கவில்லை. மேற்பார்வையாளர் மட்டும், “கரையிலை ஒருக்கால் காட்டிப் பாப்பமே?” என்றாள். நேரமில்லை என்று சொல்லிவிட்டேன்.

பரீட்சை நாளன்று சங்க மண்டபத்தில் வாங்குகளைப் போட்டு, பாடம் ஏற்றிய ஆறு டப்லெட்டுகளை வைத்து, ஆறு ஆறு பேராக இருத்தினோம். நாற்பத்திரண்டு பேர். முதல் ஆறு பேரும் முக்கி முனகி அரை மணித்தியாலம் எடுத்தார்கள். அடுத்த ஆறு பேர் பத்து நிமிடம். அதற்கடுத்தவர்கள் பாடத்தின் குரலைக்கூடப் போடவில்லை, விறுவிறென்று தொட்டுக்கொண்டு போனார்கள். ஒரு பெரியவர் மூக்குக்கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார். அவர் இருபதுக்குப் பத்தொன்பது. எனக்கு அப்போதாவது மண்டையில் ஏதாவது தட்டியிருக்கவேண்டாமா? தட்டவில்லை. என் பாடம் அவ்வளவு தெளிவு என்று நினைத்தேன். நாற்பத்திரண்டு பேரும் பாஸ்.

எங்கள் நிறுவனப் பணிப்பாளருக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. வெள்ளிக்கிழமை சங்க மண்டபத்தில் விழா என்றார். நிறைகுடம், குத்துவிளக்கு, மாலை, கொழும்பிலிருந்து பிரதம விருந்தினர். மீனவர்களுக்குச் சான்றிதழும் கருவியும், அதே மேடையில் எனக்குப் பயிற்சி முடித்த கடிதம். நான் கொடிகாமத்திலிருக்கும் அக்காவுக்குத் தொலைபேசி எடுத்து, “அத்தானையும் கூட்டிக்கொண்டு வா, கட்டாயம் கூட்டிக்கொண்டு வா” என்றேன். கத்தரிக்கலரில் ஒரு சேலையும் எடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை அறிக்கைக்குப் படம் எடுக்க நானும் மேற்பார்வையாளரும் கரைக்குப் போனோம். வள்ளங்கள் வந்து மீன் இறக்கி முடித்த நேரம். யோகன் என்றொருவர் வலையிலிருந்து குப்பை தெரிந்தெடுத்துக்கொண்டு நின்றார். ஐம்பது வயதிருக்கும். சொந்த வள்ளம், கூடத் தம்பியும் மருமகனும் தொழிலுக்குப் போவார்கள். இருபதுக்கு இருபது எடுத்தவர் என்பதால் அவரைத்தான் படம் எடுக்க நினைத்திருந்தேன். மேற்பார்வையாளர் அலுமாரியிலிருந்து இரண்டு கருவிகளை எடுத்து, ஒன்றை என்னிடம் தந்து, “ரீச்சர், நீங்கள் மண்டபத்துக்குள்ளை நில்லுங்கோ, நீங்கள்தான் சங்கம்” என்றாள். மற்றதைக் கொண்டுபோய் யோகனிடம் கொடுத்தாள். மண்டபத்து யன்னலுக்கும் அவர் வள்ளத்துக்கும் முப்பது யார் தூரம்கூட இராது. காற்று கடலிலிருந்து மண்டபப் பக்கம் வீசியதால் அவர்கள் கதைத்தது முழுக்க எனக்குக் கேட்டது.

“யோகன் அண்ணை, இஞ்சின் நிண்டிட்டுது. வள்ளத்துக்குள்ளை தண்ணி வருது. சங்கத்தைக் கூப்பிடுங்கோ.”

யோகன் கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிரித்தார். பக்கத்திலிருந்த பொத்தானை அமத்தினார், அமத்திய கையை எடுக்கவில்லை. “ஹலோ! ஹலோ! கேக்குதோ?”

என் கையில் இருந்த கருவியில் அவர் குரல் கணீரென்று கேட்டது. “கேக்குது அண்ணை! எங்கை நிக்கிறியள்? எத்தினை பேர்?” என்றேன்.

பொத்தானை விட்டால்தானே அவருக்கு நான் கதைப்பது கேட்கும்? அவர் விடவில்லை. “ஹலோ! ஹலோ!” என்று கத்தினார். நான் உள்ளே நின்று, “கையை எடுங்கோ, கையை எடுங்கோ!” என்று கத்தினேன். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு கத்தினோம். கடைசியில் அவர் கருவியை நீட்டி, “பிள்ளை, உது பழுது. ஒருத்தரும் கதைக்கினமில்லை” என்றார்.

எனக்குத் தலைக்கு மேலே கோபம். வெளியே ஓடினேன். “யோகன் அண்ணை, இருபதுக்கு இருபது எடுத்தனீங்களெல்லோ! கதைச்சு முடிய என்ன செய்யவேணுமெண்டு பதினோராவது கேள்வி இருந்ததே!”

“ஓம் ரீச்சர். பதினோராவதுக்கு மூண்டாவது விடை.”

“அந்த விடை என்ன?”

அவர் யோசித்தார். உண்மையாகவே நெற்றியைச் சுருக்கி யோசித்தார். பிறகு மேற்பார்வையாளரைப் பார்த்து, “நாலு விடையையும் காட்டுங்கோ பிள்ளை, சொல்லுறன்” என்றார்.

பக்கத்து வள்ளத்தில் நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருவர் எனக்காக இரக்கப்பட்டு விளக்கினார். “ரீச்சர், குறை நினையாதேங்கோ. உங்கடை சரியான விடை எப்பவும் நீட்டு. மற்ற மூண்டும் கட்டை. முதல் போன ஆக்கள் வெளியிலை வந்து சொல்லிப்போட்டினம், நீட்டானதைத் தொடு எண்டு. பிறகென்ன?”

பிள்ளைகளே, உங்கள் ஒன்பது அலகையும் திறந்து பாருங்கள், சரியான விடை எல்லாம் எவ்வளவு நீளமென்று. ஏன் நீளும் தெரியுமா? எழுதுகிறவருக்குப் பயம். பிறகு யாராவது பிழை பிடித்துவிடுவார்களோ என்று சரியான விடைக்கு மட்டும் ஒரு ‘ஆனால்’, ஒரு ‘எனினும்’, ஒரு ‘தேவைப்படும் சந்தர்ப்பங்களில்’ சேர்த்துக்கொண்டே போவார். பிழையான விடைகளைப் பற்றி அவருக்கு என்ன கவலை? அதுகள் கட்டையாகவே கிடக்கும். பதினாலு வருடம் கேள்வி குறிபார்த்த ரீச்சருக்கு இது தெரியவில்லை. ‘அதுகளுக்கு விளங்காது’ என்று நான் பாவம் பார்த்த சனம் பத்து நிமிடத்தில் என்னைக் குறிபார்த்துவிட்டது. வெட்கம் என்றால் அப்படியொரு வெட்கம்.

திரும்பி வரும்போது ஸ்கூட்டியின் பின்னாலிருந்து நான்தான் கதைத்தேன். “விதிப்படி அவை பாஸ்தானே?” என்றேன்.

“ஓம் ரீச்சர். விதிப்படி பாஸ்.”

“அறிக்கையிலை என்ன எழுதுறது?”

“படிவத்திலை எத்தினை பேர் எழுதினவை, எத்தினை பேர் பாஸ் எண்டு மட்டும்தான் கேட்டிருக்கு. இண்டைக்குக் கண்டதை எழுத அதிலை இடமில்லை. அலகு உங்கடை, அறிக்கையும் உங்கடை.” அதற்குமேல் அவள் ஒரு சொல் சொல்லவில்லை. நாசமறுப்பு, ஏதாவது சொல்லித் தொலைத்திருக்கக்கூடாதா என்று எனக்கு இருந்தது. அவள் கட்டளை போட்டிருந்தால் நான் கீழ்ப்படிந்திருப்பேன், பழியையும் அவள் தலையில் போட்டிருப்பேன்.

புதன்கிழமை ஒருவருக்கும் சொல்லாமல் பஸ் எடுத்துக் கரைக்குப் போனேன். சங்கச் செயலாளரிடம் கெஞ்சி இரண்டு கருவிகளை வாங்கி, வந்த வள்ளம் ஒவ்வொன்றிடமும் போய், “கூப்பிடுங்கோ” என்றேன். நாற்பத்திரண்டு பேரில் ஐந்து பேர் சரியாகக் கூப்பிட்டார்கள். அந்த ஐந்து பேருக்கும் முன்னமே தெரியும். ஆக, நான் படிப்பித்தது பூச்சியம்.

வியாழக்கிழமை, கரையில் கண்டதை எழுதிய ஒரு தாளையும் படிவத்தோடு மேலதிகமாக இணைத்துக்கொண்டு பணிப்பாளரிடம் போனேன். அவர் தாளை வாசித்தார். கதிரையில் சாய்ந்தார்.

“ரீச்சர், உங்களுக்கு என்ன விசரோ?”

“இல்லை சேர்.”

“உந்தத் தாளை ஆர் கேட்டது? நாளைக்கு விழா. கொழும்பிலையிருந்து ஆள் வெளிக்கிட்டிட்டுது. உங்கடை கடிதம் ரைப் பண்ணி என்ரை லாச்சிக்குள்ளை கிடக்கு, கண்டியளோ?” மேசை லாச்சியைத் திறந்து காட்டினார். என் பெயர், முழுப்பெயர், பிழையில்லாமல். “தாளை எடுத்துக்கொண்டு போங்கோ. விழா முடிய, ஆறுதலாய் அவைக்கு இன்னொருக்கால் வகுப்பு வைப்பம்.”

எவ்வளவு நியாயமான கதை! பிறகு செய்யலாம்தானே. நான் தாளை எடுத்துவிட்டேன். ஆமாம், எடுத்தேன். என்னைப் பெரிய சத்தியவாதி என்று நினைத்துவிடாதீர்கள். தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு கதவுவரை வந்தேன். அங்கே நின்றேன். கருவிகளைக் கையில் கொடுத்துவிட்டால் நாளை மறுநாளே கடலுக்குக் கொண்டுபோவார்கள், ‘ஆறுதலாய்’ என்ற நாள் வருமுன் வாடை வந்துவிடும். யன்னலுக்குள் நின்று நான் கத்த, முப்பது யார் தூரத்தில் நின்ற மனுசனுக்குக் கேட்காமல் போனது காதுக்குள் வந்து நின்றது. கரையில் அது பகிடி. அதே மனுசன் கடலில், பொத்தானை அமத்தியபடி, ஒருவரும் கதைக்கவில்லை, உது பழுது என்று கருவியைத் தூக்கிப் போட்டுவிடுவார். திரும்பிப் போய்த் தாளை மேசையில் வைத்தேன். அழுகையும் வந்தது. பணிப்பாளர் லாச்சியைச் சாத்தினார்.

விழா நின்றது. மாலைகள் கோயிலுக்குப் போயின. அத்தானுக்கு என்ன சொல்வதென்று அக்கா கேட்டாள். நான் தொலைபேசியை வைத்துவிட்டேன்.

மீனவர்கள் எனக்கு நன்றி சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறீர்களா? திங்கட்கிழமை காலை மூன்று ஓட்டோவில் கந்தோருக்கு வந்திறங்கினார்கள். “நாங்கள் பாஸ் பண்ணினனாங்கள். எங்களைப் பெயிலாக்க நீங்கள் ஆர்?” முன்னுக்கு நின்றது யோகனின் மனுசி மலர். சந்தையில் மீன் விற்கிறவர், அவர் குரல் தெருமுனைவரை போனது. “கேள்வி போட்டதும் நீங்கள், மாக்ஸ் போட்டதும் நீங்கள். இப்ப பெயில் எண்டால்? கரவெட்டியாருக்கு எங்கடை ஆக்களைப் பாஸ் விட மனமில்லை, அதுதானே?”

நான் அந்தத் தாளை வைத்ததே அவர்களுக்காக என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் என் பாடத்துக்குள் இருந்த அந்தக் குரலை மலர் மணந்து பிடித்துவிட்டார். எனக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது.

அடுத்த மூன்று கிழமை கரையில் நின்றேன். கார்ட்டூன் மீனவரை அழித்தேன், டப்லெட்டைக் கையால் தொடவில்லை. கருவியைப் பொலித்தீன் பையில் சுற்றி, ஈரக் கையோடு, இஞ்சின் இரைய, ஒவ்வொரு வள்ளத்திலும் ஏறிப் போனேன். முதல் நாள் சத்தி எடுத்து, வயிற்றில் இருந்தது எல்லாம் கடலுக்குப் போனது. யோகனின் மருமகன் என் தலையைப் பிடித்துக்கொண்டு, “ரீச்சருக்கு உது எத்தினையாவது கற்றல் பேறு?” என்று கேட்டான். மேற்பார்வையாளர் மண்டபத்தில் கருவியோடு இருப்பாள். நான் கடலில் வைத்துச் சட்டென்று கருவியைக் கையில் திணிப்பேன். ஆர் கதைக்கிறது, எங்கை, எத்தினை பேர், என்ன கரைச்சல், நாலையும் சொல்லிவிட்டுக் கையை எடுக்கவேண்டும். எடுத்துவிட்டுப் பேசாமல் இருக்கவேண்டும். அந்தப் பேசாமல் இருக்கிறதுதான் எவருக்கும் வரவில்லை. மூன்று நாலு தரம், ஐந்து தரம். ஒருநாள் யோகன் கையை எடுத்தார். கருவிக்குள்ளிருந்து, “கேக்குது அண்ணை” என்று வந்தது. அவர் கருவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வள்ளத்து முன் அணியத்திலிருந்த கயிற்றைச் சுருட்டப் போய்விட்டார்.

எல்லோருக்கும் கருவி கொடுத்தார்கள். விளக்கில்லை, மாலையில்லை. பணிப்பாளர் அதற்கு வரவுமில்லை. அதற்குள் எனக்குக் குறித்த நாள் போய்விட்டது. மற்ற நாலு பேரும் கடிதம் வாங்கி நிரந்தரமானார்கள். கந்தோரில் விதியைப் பார்த்தார்கள், என்னை என்ன செய்வதென்று அவர்களுக்கே தெரியவில்லை. கடைசியில் மறுபடியும் பன்னிரண்டு மாதத்துக்குப் பயிலுநர் என்று எழுதினார்கள். இந்த நிறுவனத்தில் பயிலுநர் பயிற்சியை இரண்டு தரம் செய்தவள் நான் ஒருத்திதான். தெல்லிப்பழைப் பெண் வேறு பிரிவுக்குப் போக, என் இரண்டாவது மேற்பார்வையாளராக வந்தவன் என்னிடம் ரியூசன் படித்த அந்தப் பையன். நிரந்தரம் கடைசிவரை கிடைக்கவில்லை, ஒப்பந்தத்திலேயே இருந்து ஒப்பந்தத்திலேயே ஓய்வுபெற்றேன். கடிதம் கைவிட்டுப்போன அந்தப் பொங்கலுக்கு அத்தான், “ரியூசனெண்டாலும் ஒரு மரியாதையான தொழில்” என்றார்.

அதே தை மாதம், பொங்கல் கழிந்து சில நாளில், வாடை நல்ல மும்முரமாக இருந்தபோது, யோகனின் வள்ளம் வெளியே இஞ்சின் நின்று தண்ணீர் எடுத்தது. மூன்று பேர். காலை நேரம், சங்கத்தில் செயலாளர் இருந்தார். கருவியில் கூப்பிட்டார்கள், இன்னொரு வள்ளம் போய்க் கட்டி இழுத்து வந்தது. எனக்குச் செய்தி இரண்டு நாள் கழித்துத்தான் வந்தது. அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு ஓடினேன்.

செயலாளரிடம்தான் முதலில் போனேன். யோகன் என்ன சொன்னார் என்று கேட்டேன். “பேர் சொன்னவர், எங்கை எண்டு சொன்னவர், மூண்டு பேர் எண்டவர், தண்ணி வருது எண்டவர். பிறகு பேசாமல் இருந்தவர். நான் சொன்னன், ஆள் அனுப்புறன் எண்டு” என்றார்.

யோகன் வீட்டில் மலர் என்னைப் பெரிதாக வரவேற்கவில்லை, ஆனாலும் கதிரை போட்டுத் தேத்தண்ணி தந்தார். யோகன் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து இருந்தார். சுகம் விசாரித்தேன். இஞ்சினைப் பற்றி நிறையச் சொன்னார், விற்றவனை நன்றாகத் திட்டினார். எனக்குப் பொறுக்கமுடியவில்லை. சின்னப்பிள்ளை மாதிரிக் கேட்டேவிட்டேன்.

“அண்ணை, கதைச்சு முடியப் பொத்தானிலையிருந்து கையை எடுத்தனீங்களாம். அந்த நேரம் எப்பிடி ஞாபகம் வந்தது?”

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். “உதுக்கென்ன ஞாபகம், ரீச்சர்? அமத்திக்கொண்டிருந்தால் எப்பிடிக் கேக்கும்? உது சின்னப் பிள்ளைக்கும் தெரியுமே.”

“இல்லை அண்ணை, வகுப்பு வைச்சமே...”

“எந்த வகுப்பு? ஓ, அந்த டப்லெட்டிலை நான் இருபதுக்கு இருபது எடுத்ததோ?”

“அதில்லை. அதுக்குப் பிறகு மூண்டு கிழமை கடலிலை...”

“அதோ?” என்று சிரித்தார். “அது வகுப்போ, ரீச்சர்? நீங்கள் சும்மா வள்ளத்திலை வந்து சத்தி எடுத்ததெல்லோ!”

அந்த மனுசனின் முதுகில் ஓங்கி ஒன்று போடவேண்டும் போலவும் இருந்தது, காலில் விழவேண்டும் போலவும் இருந்தது. உள்ளே மலர், தம்பிக்கும் மருமகனுக்கும் சோறு போட்டுக்கொண்டிருந்தார். நான் தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு எழும்பி, வாறன் என்றேன். பஸ் வரும்வரை தெருவில் நின்று ஒரு பாட்டம் அழுதேன். பிறகு கந்தோருக்குப் போனேன், அன்று பின்னேரம் என் பழைய மாணவன் எனக்கு ‘கற்றல் பேறுகள் எழுதுவது எப்படி’ என்று வகுப்பு எடுக்கவிருந்தான். என் பயிலுநர் காலம் முடிய இன்னும் பத்து மாதம் கிடந்தது.